ரேஞ்சர் கேட்ட முதல் கேள்வி

தம்பி காட்டுப் பாதையில் எங்களை விட்டுப் பிரிந்தபோது மாலை 4 மணி. மூச்சிரைக்க ஓடிப் போய் காட்டைக் காக்கும் வன அதிகாரியான ரேஞ்சரிடம் சொன்னோம். அவர் உடனே ஜீப்பில் ஏறிப் பறப்பார் என்று நினைத்தேன். மனுஷன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "என்ன ஷூ போட்டிருந்தார்? அடிப்பாகம் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தண்ணீர் எவ்வளவு வைத்திருந்தான், பயந்தால் நடப்பானா உட்காருவானா என்று கேள்வி மேல் கேள்வி.

கடைசியாக அவனைப் பார்த்த இடத்தில் எங்களை மிதிக்கவே விடவில்லை. டார்ச்சைத் தரைக்கு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். மேலிருந்து அடித்தபோது வெறும் மண்ணாகத் தெரிந்த இடத்தில் தடத்தின் விளிம்பு நிழலாக எழுந்தது. ஒரு குச்சியில் இரண்டு காலடிகளுக்கு இடையே உள்ள நீளத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த தடம் எங்கே விழும் என்று தேடித் தேடிப் போனார். ஏழரைக்கு ஓடைக்கரையில் கிடைத்தான். ரேஞ்சர் அவனைத் திட்டவில்லை. "வழி தப்பியது தெரிந்ததும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம். நடக்க நடக்க நாங்கள் தேடும் வட்டம் பெரிதாகும்" என்று மட்டும் சொன்னார்.

*

எனக்கு ஒரு ரேஞ்சரிடம் கிடைத்தது திட்டுதான்! மானைப் படம் எடுக்க நெருங்கிப் போய்விட்டேன். கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். விரலுக்குள் விலங்கு மறையாவிட்டால் நாம் ரொம்பக் கிட்டே இருக்கிறோமாம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடி, ஓநாய், மலைச் சிங்கம் என்றால் சுமார் 91 மீட்டர், மற்ற விலங்குகளுக்கு 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி.

*

என் அப்பா ரேஞ்சர் வேலையில்தான் இருந்தார். தொலைந்தவரைத் தேடிப் போகிற மாதிரி நாள்கள் அபூர்வம். பெரும்பாலும் காட்டுத்தீ பரவாமல் இருக்க விடும் தீத்தடுப்புக் கோட்டில் புல் வெட்டுவது, விலங்குகளைப் படம் பிடிக்கக் காட்டில் வைத்த கேமராவுக்கு பேட்டரி மாற்றுவது, எச்சத்தையும் தடத்தையும் பதிவேட்டில் எழுதுவது, குரங்குக்கு பிஸ்கட் போடுகிறவரிடம் பேசிப் பார்ப்பது. கடைசி வேலைதான் கஷ்டம் என்பார்.

அவர் அதிகம் பயந்தது விலங்குகளைப் பிடிக்க வேட்டைக்காரர்கள் வைக்கும் சுருக்குக் கம்பிக்கு. துப்பாக்கி சத்தம் போடும், கம்பி போடாது. வைத்தவன் மறந்து போனாலும் அது காத்திருக்கும், மானுக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும். ரோந்து என்றால் பாதி நேரம் அதைத்தான் தேடுவார்கள்.

ஜூலை 31 உலக ரேஞ்சர் தினம் என்று வாழ்த்துச் சொன்னால் சிரிப்பார். ஓய்வு பெற்று 6 வருஷமாகிறது. சாயங்காலம் நடக்கப் போனால் கண் இன்னும் தரையில்தான். வேலியோரம் கம்பித் துண்டு கிடந்தால் குனிந்து பார்க்காமல் நகரமாட்டார்.