இங்கிலாந்தில் ஒரு சாவு நேர்ந்தால்: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தெரிந்துவைக்க வேண்டிய சொற்கள்

வேலூர், குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் என்று நம் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கும் ஐடி வேலைக்கும் இங்கிலாந்து போன பிள்ளைகள் என்னிடம் வாடகை வீடு கேட்கிறார்கள், பேங்க் கணக்கு கேட்கிறார்கள், பிள்ளைக்குப் பள்ளி கேட்கிறார்கள். சாவைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. நடந்த பிறகு ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். அங்கே ஆஸ்பத்திரி வார்டுகளில் பல காலம் வேலை பார்த்துவிட்டு இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிறேன். தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

கடைசியாக வந்த போன் குடியாத்தத்துத் தங்கை ஒருத்தியிடமிருந்து. "அக்கா, மாமனார் விசிட்டர் விசாவில் வந்த இடத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். கொரோனருக்குப் போயிருக்கு என்கிறார்கள். போலீஸ் கேஸா?"

இல்லைம்மா. நம் ஊரில் சாவு என்றால் தெருவே பார்த்துக்கொள்ளும். ஒருத்தர் ஐஸ் பெட்டிக்குப் போன் போடுவார், ஒருத்தர் பந்தலுக்கு, ஒருத்தர் மேளத்துக்கு. வந்தவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்ப எடுக்கிறாங்க?" அங்கே எடுப்பதற்கு இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். அதற்குள் காதில் விழும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பின்னால் ஒரு கையெழுத்தோ, ஒரு கட்டணமோ, ஒரு கெடுவோ இருக்கும். அதற்காகத்தான் சொற்களைத் தெரிந்துவைக்கச் சொல்கிறேன்.

முதலில் பேப்பர்கள்

நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கு. 2024 செப்டம்பர் 9 முதல் அங்கே முறை மாறிவிட்டது. டாக்டர் மரணக் காரணச் சான்று எழுதியதும் அதை மெடிக்கல் எக்ஸாமினர் என்ற இன்னொரு டாக்டர் சரிபார்க்கிறார். அவர் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் வரும். "சிகிச்சையில் ஏதாவது மனக்குறை உண்டா?" என்று கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான், பயப்பட வேண்டாம். நிஜமாகவே குறை இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடமும் அதுதான். நம் ஆட்கள் மரியாதைக்கு "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு அப்புறம் வீட்டில் புலம்புவார்கள்.

அவர் பேப்பரை ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பிய பிறகு 5 நாளுக்குள் மரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஸ்காட்லாந்தில் 8 நாள். பதிவு முடிந்ததும் 'க்ரீன் ஃபார்ம்' என்று ஒன்று தருவார்கள். அடக்கத்துக்கோ தகனத்துக்கோ அதுதான் அனுமதி. இறப்புச் சான்றிதழ் அது இல்லை. சான்றிதழ் தனி, பிரதி ஒன்றுக்கு 12.50 பவுண்ட். பேங்க், இன்ஷூரன்ஸ், ஊரில் வாரிசுச் சான்றிதழ் என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். நாலைந்து பிரதி அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

ரெஜிஸ்ட்ரார் முன்னால் உட்காரும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் இனிஷியல் வழக்கம் அவர்களுக்குப் புரியாது. ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு மாதிரி இருக்கும். பதிவான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். முகவரியும் அப்படித்தான். 2019-ல் நம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததால் வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கு இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு, அரக்கோணத்துக்காரர்களுக்கு ராணிப்பேட்டை. பழைய பாஸ்போர்ட்டில் வேலூர் என்றே இருக்கும். அதனால் தாசில்தார் ஆபீஸில் கேள்வி வந்தால் பதறாமல் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கொரோனர் என்றால் யார்

திடீர்ச் சாவு, காரணம் தெரியாத சாவு, விபத்து, வேலையிடத்தில் வந்த நோய் இவையெல்லாம் கொரோனர் என்ற அதிகாரியிடம் போகும். ஒருவர் மீது குற்றம் சுமத்துவது அவர் வேலையில்லை. இறந்தது யார், எப்போது, எங்கே, எப்படி என்று கண்டறிவதுதான் வேலை. அவர் போஸ்ட்மார்ட்டம் வேண்டும் என்று உத்தரவிட்டால் குடும்பம் வேண்டாம் என்று தடுக்க முடியாது. ஆனால் மத வழக்கத்தையும் அவசரத்தையும் கொரோனர் ஆபீஸில் எடுத்துச் சொல்லலாம். ஸ்கேன் மூலமே பார்க்கும் வசதி சில இடங்களில் உண்டு, அதையும் கேட்கலாம்.

இன்க்வெஸ்ட் என்பது அவர் நடத்தும் விசாரணை. மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை உடலை வைத்திருப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். பரிசோதனை முடிந்தால் பெரும்பாலும் உடலை விட்டுவிடுவார்கள். கையில் 'இன்டெரிம்' சான்றிதழ் ஒன்று தருவார்கள், வங்கி வேலைகளை அதை வைத்து ஆரம்பிக்கலாம். ஸ்காட்லாந்தில் கொரோனர் கிடையாது, அந்த இடத்தில் ப்ரொக்யூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞர்.

தங்கைக்கு இன்னொன்றும் சொன்னேன். மாமனாருக்கு டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் வேறு யாரிடமும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்களுக்குப் போன் போடு. உடலை ஊருக்கு அனுப்பும் செலவு பல பாலிசிகளில் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் ஆள் மூலம்தான் செய்ய வேண்டும் என்பார்கள்.

ஃப்யூனரல் டைரக்டர்

உடலை எடுத்துப்போவது முதல் தகனம் வரை எல்லாம் இவர் கையில். 2021 செப்டம்பரிலிருந்து இவர்கள் ஒரே மாதிரியான விலைப்பட்டியலைக் கடையிலும், வெப்சைட் இருந்தால் அதிலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்பது அங்கே அநாகரிகம் இல்லை. நம் ஆட்களுக்குத்தான் சாவில் பேரம் பேசக் கூச்சம்.

பட்டியலில் 'டிஸ்பர்ஸ்மென்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். டைரக்டர் தன் கூலி போக உங்களுக்காக வெளியே கட்டும் பணம், அதாவது தகனசாலைக் கட்டணம், புரோகிதர் அல்லது போதகர் காணிக்கை போன்றவை. முதலில் சொல்லும் தொகையில் இது சேர்ந்ததா, சேராததா என்று கேளுங்கள். கடைசியில் பில் எகிறுவது இங்கேதான்.

எம்பாமிங், உடல் கெடாமல் மருந்து ஏற்றுவது. ஊருக்கு அனுப்புவதென்றால் தேவை. அங்கேயே தகனம் என்றால் சட்டப்படி கட்டாயம் இல்லை. 'சேப்பல் ஆஃப் ரெஸ்ட்' என்பது உடலைப் பார்க்க வைக்கும் அறை, பெயரில் சேப்பல் இருந்தாலும் எந்த மதத்தாரும் போகலாம். குளிப்பாட்டிக் கோடித் துணி உடுத்த வேண்டும் என்றால் 'வாஷிங் அண்ட் டிரெஸ்ஸிங், குடும்பமே செய்யும்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து சில மணி நேரம் வைத்திருக்கவும் தடையில்லை. வாய்க்கரிசி, மாலை எல்லாம் வீட்டிலேயே முடிப்பது நல்லது. காஃபின், காஸ்கெட் இரண்டும் பெட்டிதான். தோள் பக்கம் அகன்று கால் பக்கம் குறுகினால் காஃபின், நீள்சதுரமாக இருந்தால் காஸ்கெட், விலை கூடுதல். சாம்பல் வைக்கும் சிறு பெட்டியையும் காஸ்கெட் என்பார்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முக்கியமாக ஒன்று. டிவியில், போனில் 'டைரக்ட் க்ரிமேஷன்' என்று மலிவான விளம்பரம் வரும். குடும்பம் இல்லாமல், சடங்கு இல்லாமல், அவர்களுக்குத் தோதான நேரத்தில் எரித்துவிட்டுச் சாம்பலைத் தருவதுதான் பெரும்பாலும் அது. அதை விரும்பியே எடுப்பவர்கள் உண்டு, குறை சொல்லவில்லை. விலையைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டு, "கொள்ளி வைக்க எப்போ வரணும்?" என்று கேட்கிற நிலைமை வேண்டாம்.

தகனசாலையில்

நேரம் 'ஸ்லாட்' கணக்கு. அரைமணி, முக்கால் மணி, சில இடத்தில் ஒரு மணி. அதற்குள் பேச்சு, பாட்டு, மந்திரம் எல்லாம் முடிய வேண்டும். நம் கூட்டம் பெரிதாக இருந்தால் இரண்டு ஸ்லாட் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த குடும்பம் வெளியே காத்திருக்கும். கற்பூரம் ஏற்றலாமா என்று முன்பே கேளுங்கள், புகை அலாரம் இருக்கும். நம் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே எல்லோரும் வருவார்கள். அம்மா, அத்தை ஊரிலிருந்து வந்திருந்தால் முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள்.

'கமிட்டல்' என்பது விடைகொடுக்கும் கட்டம். திரை மூடும், அல்லது பெட்டி உள்ளே நகரும். பலர் அத்தோடு எரித்தாயிற்று என்று நினைப்பார்கள். எரிப்பது அதன் பின்னால்தான். மூத்த மகன் கண்முன்னே நடக்க வேண்டும், பொத்தானை அவரே அழுத்த வேண்டும் என்றால் 'விட்னஸ் தி சார்ஜ்' என்று கேளுங்கள். இங்கே சார்ஜ் என்றால் கட்டணம் இல்லை, பெட்டியை உலைக்குள் செலுத்துவது. எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். பேஸ்மேக்கர் இருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது உலைக்குள் வெடிக்கும், முன்பே எடுத்துவிடுவார்கள்.

மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்குவது அங்கே நடக்காது. எலும்பைப் பொடியாக்கித்தான் தருவார்கள், இரண்டு மூன்று கிலோ இருக்கும். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் இதைத் தகனத்துக்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள். பதினாறாம் நாளை இறந்த தேதியிலிருந்து எண்ணுவதா, எடுத்த தேதியிலிருந்து எண்ணுவதா என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இரண்டும் ஒன்றோ இரண்டோ நாளில் வந்துவிடும், அதனால் சண்டை இல்லை. அங்கே இடையில் மூன்று வாரம் ஓடிவிடுகிறது.

அஸ்தியைப் பாலாற்றில் கரைக்க வேண்டும் என்பவர்கள் கைப்பையிலேயே கொண்டுவரலாம். உலோகக் கலசம் வேண்டாம், ஸ்கேனில் உள்ளே தெரிய வேண்டும். இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ் இரண்டையும் கையில் வையுங்கள். விமானக் கம்பெனியிடமும் இந்தியத் தூதரகத்திடமும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாலாற்றில் தண்ணீர் வரும் மாதம் பார்த்துத் டிக்கெட் போடுவது உங்கள் சாமர்த்தியம்.

மேல்விஷாரத்துத் தம்பி கேட்டது: "அக்கா, அடக்கம் என்றால்?"

ஜனாஸாவை உள்ளூர் பள்ளிவாசல் வழியாகவே ஏற்பாடு செய்யுங்கள். கபன் துணியோடு பெட்டியில்லாமல் அடக்கும் இடங்கள் உண்டு. வார இறுதியிலும் க்ரீன் ஃபார்ம் தரும் கவுன்சில்கள் (நம் ஊர் நகராட்சி மாதிரி) உண்டு. அவசரம் என்றால் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும், தானாக நடக்காது.

கபர்ஸ்தானானாலும் கல்லறைத் தோட்டமானாலும் நிலத்தை நீங்கள் வாங்குவதில்லை. 'எக்ஸ்க்ளூசிவ் ரைட் ஆஃப் பரியல்' என்று குறிப்பிட்ட வருடங்களுக்கு உரிமை மட்டும் தருவார்கள். குழி தோண்டி அடக்கும் 'இன்டர்மென்ட்' கட்டணம் அதற்கு மேல் தனி. அந்தக் கவுன்சில் எல்லைக்குள் குடியிருக்காதவர் என்றால் பல இடங்களில் கட்டணம் கூடும். கல்லறைக் கல்லை உடனே வைக்க விடமாட்டார்கள், மண் இறங்க மாதங்கள் ஆகும், அளவுக்கும் அனுமதி வேண்டும். சிஎஸ்ஐ, கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் சபைப் போதகரிடம் பேசினால் அடக்க ஆராதனையைத் தமிழிலேயே வைக்கவும் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

உடலை ஊருக்குக் கொண்டுவருவது

இதற்குப் பெயர் 'ரீபேட்ரியேஷன்'. இங்கிலாந்தை விட்டு உடல் வெளியே போகக் கொரோனரின் அனுமதி வேண்டும், சாவில் சந்தேகமே இல்லாவிட்டாலும். 'அவுட் ஆஃப் இங்கிலாண்ட்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அஸ்திக்கு இது தேவையில்லை. இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ரத்து செய்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். எம்பாமிங் சான்று, தொற்று இல்லை என்ற சான்று எல்லாம் டைரக்டர் தருவார். இந்தியப் பக்கத்து அனுமதி 2023 முதல் 'ஈ-கேர்' போர்ட்டல் வழியாகப் போகிறது. சென்னை என்று யோசிக்காமல் போடாதீர்கள். வாணியம்பாடி, நாட்றம்பள்ளி பக்கத்துக்குப் பெங்களூர் விமான நிலையமும் தோதுதான்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இரண்டே வரி. சவுதியில் தகனம் கிடையாது, அதனால் இந்துக்கள் உடலை ஊருக்கே அனுப்ப வேண்டியிருக்கும். பணம் இல்லாத குடும்பம் தூதரகத்தின் சமூக நல நிதியைக் கேட்கலாம். ஈசிஆர் பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) போனவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் காப்பீடு உண்டு, பாலிசி எண்ணை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

கூட வேலை பார்ப்பவர் வீட்டுச் சாவுக்குப் போகிறீர்கள்

அழைப்பில் 'வேக்' என்று இருந்தால் இங்கிலாந்தில் அது தகனம் முடிந்த பிறகு ஹோட்டலிலோ பப்பிலோ கூடி நினைவுகளைப் பேசுவது. சாப்பாடு இருக்கும், மது இருக்கும், சிரிப்பும் இருக்கும். அமெரிக்காவில் வேக் என்றால் முந்தின நாள் உடலைப் பார்க்க வருவது. சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சில நாள் உடலை வைத்திருப்பது. 'ஃபேமிலி ஃப்ளவர்ஸ் ஒன்லி' என்று எழுதியிருந்தால் மாலை வாங்கிப் போகாதீர்கள், அவர்கள் சொல்லும் தொண்டு நிறுவனத்துக்குச் சிறு தொகை அனுப்பினால் போதும். ஒரு கார்டில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். கறுப்பு உடைதான் பொதுவழக்கம், 'நோ பிளாக்' என்றிருந்தால் வண்ண உடை.

நம் பக்கம் சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் முறை. அங்கே அப்படிப் போனால் மரியாதைக் குறைவு. குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டே கிளம்புங்கள்.