ஏ லெவல் (இங்கிலாந்துல நம்ம பிளஸ் டூ மாதிரி பரீட்சை) தனியா படிச்சு எழுதினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் முடிச்ச கையோட குடும்பமா இங்கிலாந்து வந்துட்டோம், இப்போ எந்த ஸ்கூல்லயும் இல்லாம பிரைவேட் கேண்டிடேட்டா மேத்ஸும் கெமிஸ்ட்ரியும் எழுதலாம்னு வீட்லயே படிச்சிட்டிருக்கேன். பாடம் பாதி தெரிஞ்சதுதான், கேள்வி கேக்குற விதம்தான் சுத்தமா புதுசு. நேத்து ஒரு பழைய பேப்பர்ல பீரியாடிக் டேபிள்ல ஒரு பீரியட்ல, அதாவது ஒரு வரிசையில, இடமிருந்து வலமா போகப்போக அயனைசேஷன் எனர்ஜி (அணுவுல இருந்து ஒரு எலக்ட்ரான பிரிச்செடுக்க வேண்டிய சக்தி) ஏன் கூடுதுன்னு கேட்டிருந்தான், அரைப் பக்கம் எழுதினேன், மார்க் ஸ்கீம எடுத்து பாத்தா நியூக்ளியர் சார்ஜ் கூடுது, ஷீல்டிங் (உள்ள இருக்குற எலக்ட்ரான்கள் அந்த ஈர்ப்ப மறைக்கிறது) கிட்டத்தட்ட அதேதான், அதனால ஈர்ப்பு கூடும், அவ்ளோதான் வேணுமாம், நான் ஷீல்டிங்க பத்தி மூச்சே விடல.

ஏக்யூஏ, ஓசிஆர், எடெக்செல்னு போர்டுக்கு போர்டு சிலபஸ் கொஞ்சம் மாறுது, எதை எடுக்கறதுன்னே குழப்பம். அதவிட பெரிய கவலை கெமிஸ்ட்ரி பிராக்டிகல். குறைஞ்சது 12 பண்ணணும், கிரேடுல சேராது, தனியா பாஸ்னு போடுவாங்க, ஆனா சில யுனிவர்சிட்டி அதையும் கேக்குது. நான் விசாரிச்ச ரெண்டு பரீட்சை சென்டர்ல தியரி மட்டும் எழுதலாம், லேப் கிடையாதுன்னுட்டாங்க.

வெளியாளுங்களுக்கு பிராக்டிகல் செஞ்சு தர்ற சென்டர எப்படி தேடுனீங்க? மொதல்ல சென்டர பிடிச்சிட்டு அவங்க நடத்துற போர்டையே எடுக்கறது சரியா? பரீட்சை மே, ஜூன்ல, தயவுசெஞ்சு தெரிஞ்சவங்க சொல்லுங்க.