செந்நாய்க்குப் பின்னால் நடந்தவரும் கேமரா கட்டுகிறவர்களும்

நாங்குநேரியான்:
காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 2024 ஜூனில் இறந்தபோது எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு அவர் யாரென்று தெரியவில்லை. 1945இல் நாங்குநேரியில் பிறந்தவர், சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். அந்த மனுஷன் 1976இல் கர்நாடகாவில் பந்திப்பூர் காட்டுக்குப் போய் இரண்டு வருடம் செந்நாய்க் கூட்டத்தின் பின்னால் அலைந்தார். விலங்கின் கழுத்தில் மாட்டித் தேடுகிற ரேடியோ காலரும் கிடையாது, தானியங்கி கேமராவும் கிடையாது. காட்டில் அடிபட்ட மான் எங்கே கிடக்கிறது என்று மற்ற மான்கள் கத்துவதிலும் காக்கை இறங்குவதிலும்தான் தெரியும், அதைக் காதால் கற்க வருடங்கள் ஆகும். இப்போது வருகிற பிள்ளைகள் இரண்டு நாள் கேமரா கட்டிவிட்டு மீதி மாதம் முழுக்க அறைக்குள் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். போன வருடம் களக்காட்டில் பார்த்த ஒரு பையனுக்கு மிளாவின் குளம்புத்தடம் எது, காட்டுப்பன்றி தடம் எது என்று தெரியவில்லை. ஆனால் காட்டுயிர் ஆய்வாளராம்.

ஆர்மென்பொருள் அடிமை:
அண்ணே, ஜான்சிங் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் "நடந்தால் தெரியும்" என்பதை நம்பி இந்த நாடு பட்ட பாடு தெரியுமா? புலியின் காலடித்தடத்தை வைத்து எண்ணியவர்களும் நடந்தவர்கள்தான். 2001-02 கணக்கில் 3,642 புலி. 2005இல் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வேட்டையில் போயிருந்தது, தாளில் மட்டும் புலி உலவிக்கொண்டிருந்தது. அப்புறம் முறையை மாற்றி எண்ணியபோது 1,411. வரி ஒவ்வொரு புலிக்கும் தனி, நம் கைரேகை மாதிரி, கேமரா பொய் சொல்லாது. 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள், சுமார் 3.48 கோடி படங்கள், அதில் புலி விழுந்தது 76,651தான். அதைப் பிரித்தெடுக்க லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழத்தான் வேண்டும்.

இன்னொன்று. உங்கள் ஊர்க்காரரே கருவியை வெறுத்தவர் இல்லை. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் போய் வேலை பார்த்துவிட்டு வந்தவர். 1985இல் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்த பிறகு, உத்தராகண்டில் ராஜாஜி தேசியப் பூங்காவில் யானைக்குக் காலர் மாட்டி ஆய்வு செய்த மாணவருக்கு வழிகாட்டியே அவர்தான்.

நாங்குநேரியான்:
தம்பி, 3,642 என்பது 1,411 ஆனதில் ஒரு பங்கு முறை மாறியதால் வந்தது, எல்லாம் செத்த புலி என்று கணக்குப் போடாதே. தடத்தை அச்செடுத்து எண்ணியது வனத்துறை வேலை, நான் சொல்வது ஒரு விலங்கோடு இரண்டு வருடம் இருப்பதை.

சரி, புலிக்கு வரி இருக்கிறது, செந்நாய்க்கு? எல்லாம் ஒரே செம்பழுப்பு. உன் கேமராவில் பத்து தடவை வந்தது பத்து நாயா, ஒரே நாயா? அதனால்தான் வயநாட்டில் எச்சத்தைப் பொறுக்கி மரபணு பார்த்து எண்ணினார்கள். எச்சம் தானாக லேபுக்கு நடந்து வருமா?

செந்நாய் என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் வெறி நாய் மாதிரி. சுட்டுக் கொன்றவனுக்கு அரசாங்கமே காசு கொடுத்த காலம் இருந்தது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும் வரைக்கும் அதற்குப் பாதுகாப்பே இல்லை. கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஜோடிதான் குட்டி போடும், மற்றவை வேட்டைக்குப் போய் இரையை வயிற்றில் சுமந்து வந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும். இந்தக் குடும்ப வாழ்க்கையைப் பொந்துப் பக்கம் மணிக்கணக்காகக் காத்துக்கிடந்து பார்த்தால்தான் எழுத முடியும்.

மசினகுடி மகள்:
இரண்டு பேரும் நல்லா சண்டை போடுகிறீர்கள். அந்த கேமராவைக் கட்டுவது யார், எச்சத்தைப் பொறுக்குவது யார்? எங்கள் அப்பா இருபது வருடத்துக்கு மேலாக வேட்டைத் தடுப்புக் காவலர், இன்னும் தற்காலிகக் கூலிதான். ஆய்வாளர் நடக்கிறார் என்றால் அவருக்கு முன்னால் நாலு அடியில் எங்கள் ஆள் ஒருவர் நடக்கிறார் என்று அர்த்தம். யானை வாசம் முதலில் பிடிப்பது அவர். ஒருவர் வந்து மூன்று வருடம் அப்பாவோடு சுற்றி டாக்டர் பட்டம் வாங்கிப் போனார், புத்தகக் கடைசியில் "களப்பணியாளர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி. பெயர் கூட இல்லை. நான் ஜான்சிங்கைச் சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது.

ஆனால் ராஜாஜியில் எருமை மேய்த்த வன் குஜ்ஜர்கள் காட்டைவிட்டுப் போக வேண்டும் என்று எழுதியவர்களில் அவரும் ஒருவர்தானே. நடந்து நடந்து கற்றதெல்லாம் கடைசியில் அங்கே இருந்தவர்களைக் கிளம்பச் சொல்லத்தானா?

ஆர்மென்பொருள் அடிமை:
இதில் நான் ஜான்சிங் பக்கம், ஆச்சரியமாக இருக்கிறதா? ராஜாஜியில் கங்கைக்குக் கிழக்கே சில்லா பக்கம் குஜ்ஜர் குடும்பங்கள் போன பிறகு புல் வந்தது, மான் கூடியது, புலி கூடியது. இதைக் காட்டியதும் கேமராதான். கங்கைக்கு மேற்கே மோதிச்சூர் பக்கம் புலி கூடவில்லை. நடுவில் நெடுஞ்சாலை, ரயில், கால்வாய், ராணுவ வெடிமருந்துக் கிடங்கு எல்லாம் வரிசையாக நின்றன. விலங்குகள் கடக்கும் அந்த வழித்தடத்தைத் திறந்துவிடுங்கள் என்று அவர் வருடக்கணக்கில் கத்தினார். கடைசியில் 2020 டிசம்பரில் ஆரம்பித்துக் பக்கத்து கார்பெட் புலிகள் காப்பகத்திலிருந்து புலியை மயக்கி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மேற்கே விட வேண்டியதாயிற்று.

மசினகுடி மகள்:
நீங்களே சொல்கிறீர்கள், வழியை மறித்தது ரோடும் ரயிலும் ராணுவமும். அவற்றில் எது முதலில் கிளம்பியது? எருமைக்காரன்தான் கிளம்பினான்.

நாங்குநேரியான்:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, தாயி. எருமை மந்தை நின்ற இடத்தில் மரக்கிளையெல்லாம் தழைக்காக வெட்டப்பட்டு மொட்டையாக நின்றது உண்மை, அதை அவர் கண்ணால் பார்த்து எழுதினார். ஆனால் ரோட்டைத் தள்ளிப்போடு என்று ஒரு ஆய்வாளர் சொன்னால் கேட்க ஆள் இல்லை, எருமைக்காரனைத் தள்ளிப்போ என்றால் மட்டும் உடனே கேட்கிறார்கள். அது ஆய்வாளர் குற்றமா என்று தெரியவில்லை.

அந்தக் களக்காட்டுப் பையன் விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. தடம் தெரியாமல் காட்டுக்குள் வரக்கூடாது.

ஆர்மென்பொருள் அடிமை:
அதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் முதல் வருடம் தெரியாது. சொல்லிக் கொடுத்தது ஒரு குறும்பர் பெரியவர். என் ஆய்வுக்கட்டுரையில் அவர் பெயரை நானும் போடவில்லை, இப்போதுதான் உறைக்கிறது. அக்கா, உங்கள் அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கள், கட்டுரையில் ஆசிரியராகவே அவர் பெயரைப் போட்டால் என்ன நினைப்பார்?

மசினகுடி மகள்:
கேட்டேன். பெயரெல்லாம் எதுக்கு, அட்டை கடிக்காத மாதிரி மழைக்கு ஒரு நல்ல பூட்ஸ் கிடைக்குமா என்றார். அது அவர் சொன்னது. பெயரையும் போடுங்கள், பூட்ஸும் வாங்கிக் கொடுங்கள், இது நான் சொல்வது.