பொருள்: கிட்டார் பிக்கப்புக்குத் தமிழ்ச் சொல், வியாழன் மாலைக்குள்

அல்சூர், திங்கள் இரவு 10.40

நம் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கம்மனஹள்ளியில் ஒரு தம்பி தன் வீட்டு மாடியில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கான பிக்கப்புகளை, அதாவது கம்பிகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்களை, கையாலேயே சுற்றி விற்கிறார். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் நாகர்கோவில், தூத்துக்குடி, வேலூர்ப் பக்கம் சர்ச்சில் வாசிக்கிற பையன்கள். எல்லாரும் போனில் கேட்பது ஒன்றேதான்: "அண்ணா, டிஸ்டார்ஷன் வேணாம், மணியடிச்ச மாதிரி கிளீனா வரணும், எதைப் போடட்டும்?" பதில் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தமிழில் எட்டுப் பக்கக் கையேடு போடுகிறார். எழுதுவது நான். வியாழன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

நான்கு இடத்தில் நிற்கிறேன்: பிக்கப், ஹம்பக்கர் (உறுமலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), கிளீன் டோன் (கரகரப்பில்லாத ஒலி), மணி போன்ற ஒலி. பிக்கப்புக்கு 'ஒலிவாங்கி' என்று எழுதி அடித்துவிட்டேன், அது மைக். 'எடுப்பி' என்றும் எழுதிப் பார்த்தேன். பாட்டில் எடுப்பு என்றால் வேறு, மெஸ்ஸில் எடுப்புச் சாப்பாடு என்றால் வேறு. கைகொடுங்கள்.

மாதுங்கா, செவ்வாய் காலை 5.50

அம்மா, வாழ்க.

நம்மிடம் இல்லாததைத் தேடுவதுபோல் எழுதியிருக்கிறீர்கள். யாழுக்குக் கோடு, பத்தர், திவவு, மாடகம், ஆணி, போர்வை என்று உறுப்புக்கு உறுப்பு பெயர் வைத்தவர்கள் நாம். தந்தி என்பது பின்னால் வந்தது. நம் சொல் நரம்பு. இசைநூலையே 'நரம்பின் மறை' என்கிறது தொல்காப்பியம். நரம்பின் இயக்கத்தை ஏற்பது நரம்பேற்பி. பெருக்குவது ஒலிபெருக்கி என்றால் ஏற்பது ஏற்பி, விகுதியில் குறையில்லை. விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947-இல் வந்தது. அதை ஒருமுறை புரட்டிவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

ராமமூர்த்திநகர், செவ்வாய் காலை 9.15

ஐயா மன்னிக்கணும். நரம்பேற்பி என்று எந்த ஊரில் சொன்னாலும் நரம்பியல் டாக்டரிடம் டோக்கன் எடுக்கச் சொல்வார்கள். 'ஏற்பி' வேறு உயிரியலில் ஏற்கெனவே குடிவந்துவிட்டது. தூத்துக்குடிப் பையனுக்கு நரம்பு கையில் ஓடுவது. கிட்டாரில் இருப்பது கம்பி.

என் கட்சி: பிக்கப் என்றே எழுதுங்கள். மெக்கானிக் "வண்டிக்கு பிக்கப் இல்ல சார்" என்கிறார், ஆபீஸ் வண்டி டிரைவர் "காலைல பிக்கப் ஆறரைக்கு" என்கிறார். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ளவில்லை. மூன்றாவதாகக் கிட்டாரும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜாலஹள்ளி, செவ்வாய் காலை 11.30

பொதுத்துறையில் முப்பது வருடம் சுருளோடும் காந்தத்தோடும் இருந்தவன் என்பதால் குறுக்கிடுகிறேன். பொருள் என்ன செய்கிறது என்று பார்க்காமலே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிக்கப் ஒலியை வாங்குவதில்லை. உள்ளே காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச்சுருள். காந்தம் மேலேயுள்ள எஃகுக் கம்பியையும் சிறு காந்தமாக்கிவிடுகிறது. கம்பி அதிரும்போது சுருளுக்குள் காந்தப்பாயம் ஏறி இறங்குகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டது இதைத்தான். நைலான் கம்பி போட்ட கிட்டாரில் இந்தப் பிக்கப்பை வைத்தால் ஒன்றும் வராது. ஆகவே ஒலிவாங்கி தவறு. 'அதிர்வுணரி' என்று யாராவது சொல்லக்கூடும். மரத்தின் அதிர்வை வாங்குகிற பீசோவுக்குத்தான் அது பொருந்தும். 'தூண்டுசுருள்' சரியாக இருக்கும், ஆனால் பள்ளிப் பாடத்தில் அது இன்டக்‌ஷன் காயில்.

மிஞ்சுவது 'காந்தவாங்கி'. எனக்கே பிடிக்கவில்லை, காந்தத்தை விலைக்கு வாங்குகிறவன் மாதிரி இருக்கிறது.

கம்மனஹள்ளி, செவ்வாய் பகல் 1.05

எல்லாருக்கும் வணக்கம். அல்சூர் அக்காதான் என்னையும் குழுவில் சேர்த்துவிட்டாங்க. இலக்கணம் எனக்குத் தெரியாது, செய்யறதைச் சொல்றேன்.

ஜாலஹள்ளி சார் சொன்னது சரி. நல்லா மெழுகுல முக்கி எடுத்த பிக்கப்பு முன்னாடி நின்னு எவ்வளவு கத்தினாலும் ஆம்ப்ளிஃபயர்ல ஒண்ணும் கேக்காது. கத்தினது கேட்டுச்சுன்னா உள்ள சுருள் தளர்வா ஆடுதுன்னு அர்த்தம்.

கிளீனா வேணும்னு கேக்கறவங்களுக்கு ஒற்றைச் சுருள்தான் கொடுக்கறேன். 42 கேஜ் செம்புக் கம்பி, எட்டாயிரம் சுத்துக்குள்ள, அல்னிகோ 5 காந்தம். மீட்டர்ல ஆறு கிலோ ஓம் பக்கம் காட்டும். பசங்க ஓம் கணக்கு கூடினா நல்ல பிக்கப்புன்னு நினைக்கறாங்க. சுத்து கூடக் கூட சத்தம் பெருக்கும், ஆனா மேல் ஸ்தாயி மங்கிடும், மணி போயி தகரம்கூட மிஞ்சாது, கம்பளி போத்தின மாதிரி ஆயிடும். அதைக் கையேட்டுல பெருசாப் போடுங்கக்கா.

அந்தக் கம்பி தலைமுடி மாதிரிதான் இருக்கும், 0.063 மில்லிமீட்டர். ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு இழுவை கொடுத்துக்கிட்டே இருக்கணும். நேத்து 6,200-ஆவது சுத்துல கீழ் வீட்டுக் குக்கர் விசில் அடிச்சுது, விரல் இறுகிடுச்சு, அறுந்துபோச்சு. முதல்லேர்ந்து.

மாதுங்கா, செவ்வாய் பகல் 2.20

தம்பி தலைமுடி என்றதும் சிந்தாமணி நினைவுக்கு வந்தது. காந்தருவதத்தையின் அவையில் சீவகனிடம் யாழ் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார்கள். நீரில் நின்ற மரம், வெந்த மரம் என்று தள்ளிக்கொண்டே வருகிறான். ஒன்றில் நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்புக்குக் குற்றம் நான்கு. கிளீன் டோன் என்று இன்று கேட்கிற பையன் சீவகன் கேட்டதைத்தான் கேட்கிறான்.

அல்சூர், செவ்வாய் இரவு 9.00

ஐயா, அருமை. ஆனால் எனக்கு இன்னும் ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

மாதுங்கா, புதன் காலை 5.35

இரவெல்லாம் தூங்கவில்லை. கிடைத்துவிட்டது. நாவுக்கரசர் எடுத்த எடுப்பிலேயே 'மாசில் வீணையும்' என்கிறார். மாசில் என்றால் கிளீன். ஏழாம் நூற்றாண்டிலேயே கிளீன் டோன் கேட்டிருக்கிறார் மனிதர். மாசிலொலி என்று போடுங்கள்.

அதே பாட்டில் 'மூசு வண்டறை பொய்கையும்' என்று வருகிறது. வண்டு அறைவது, முரல்வது. உங்கள் ஹம் அதுதான். ஹம்பக்கருக்கு முரலடக்கி.

ராமமூர்த்திநகர், புதன் காலை 9.40

மாசிலொலி கேட்க அழகு. ஆனால் இன்று மாசு என்றால் புகை, குப்பை, வாரியம். 'ஒலிமாசு' என்றால் ஹாரன் சத்தம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மாசிலொலி என்று அட்டையில் போட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் துண்டறிக்கை என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். தேவாரத்தை சர்ச்சுப் பையன்களிடம் கொண்டுபோகிறோம் என்பதையும் யோசியுங்கள்.

மாதுங்கா, புதன் காலை 10.05

சர்ச்சுப் பையன்களுக்கு அந்தச் சொல் புதிதல்ல. யாக்கோபின் நிருபத்தில் 'மாசில்லாத சுத்தமான பக்தி' என்று அவர்கள் வேதாகமத்திலேயே இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியனாக இருந்தவனுக்குப் பிற மதத்து நூலும் கொஞ்சம் தெரியும்.

ராமமூர்த்திநகர், புதன் காலை 10.20

அந்தப் புள்ளியில் தோற்றேன். ஒலிமாசு விஷயத்தில் தோற்கவில்லை.

ஜாலஹள்ளி, புதன் பகல் 12.10

முரலடக்கி எனக்குச் சம்மதம், காரணத்தோடு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர், குழல்விளக்கு எல்லாம் சேர்ந்து ஒற்றைச் சுருளில் அந்த உறுமலை ஏற்றிவிடும். 1955-இல் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் காப்புரிமை கேட்டது இதற்கான மருந்துக்குத்தான். இரண்டு சுருள், சுற்றுத் திசை எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். வெளியிலிருந்து வருகிற உறுமல் இரண்டிலும் எதிராக விழுந்து கழிந்துபோகும், கம்பியின் ஒலி கூடும். 'இரட்டைச் சுருள்' என்று எழுதினால் இந்த எதிர்ப்பு வெளியே தெரியாது. இரண்டு சுருளையும் ஒரே மாதிரி வைத்தால் உறுமல் இரட்டிப்பாகும், அதற்கும் அந்தப் பெயர்தானே?

கையேட்டில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இரண்டு சுருள் தொடராகச் சேர்வதால் மின்தூண்டல் கூடுகிறது, ஒற்றைச் சுருளில் இரண்டு, இரண்டரை ஹென்றி என்றால் இதில் நான்கு, ஐந்து. ஒத்ததிர்வு கீழே இறங்கும், மேல் அதிர்வெண்கள் குறையும். மணி வேண்டுமென்றால் கொஞ்சம் முரலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கம்மனஹள்ளி, புதன் பகல் 12.45

முரலடக்கி சூப்பர் சார். அடுத்த மாடலுக்கு அந்தப் பேரையே வெச்சுக்கறேன், ஐயா அனுமதி கொடுத்தா.

இரைச்சல் வேணாம், மணியும் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். மூணு பிக்கப்பு கிட்டார்ல நடுப் பிக்கப்பை மட்டும் திருப்பிச் சுத்தி, காந்தத்தையும் தலைகீழா வெச்சா, சுவிட்சை ரெண்டாவது, நாலாவது இடத்துல போடும்போது உறுமல் அடங்கிடும். கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரி இருக்கும், ஆனா தெளிவு.

அப்புறம் பிக்கப்பு மாத்தறதுக்கு முன்னாடி ஸ்க்ரூடிரைவர் எடுக்கச் சொல்லுங்க. நிறையப் பேர் பிக்கப்பைக் கம்பிக்கு ஒட்டி ஏத்தி வெச்சிருப்பாங்க. காந்தம் கம்பியை இழுக்கும், சுதி அலையும், விரிசல் விட்ட மணி மாதிரி கேக்கும். கடைசி ஃப்ரெட்டுல அமுக்கிப் பிடிச்சு, ரெண்டரை மில்லிமீட்டர் இறக்கினா அதுவே பாதி வேலை. ஆறு மீட்டர் கேபிளை மூணு மீட்டராக்கினா மீதி. போன வாரம் ஒருத்தர் பிக்கப்பு வாங்க வந்து, இறக்கிக் கேட்டுட்டு, வாங்காமலே போயிட்டார்.

சிவாஜிநகர், புதன் மாலை 4.30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மணி போன்ற ஒலிக்கு ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள்? கே.பி. சுந்தராம்பாள் குரலை என்ன சொல்வோம்? கணீர். எங்கள் பாட்டி கோயில் மணியையும் அப்படித்தான் சொல்வார், என் அத்தையின் அதட்டலையும் அப்படித்தான் சொல்வார். உடனே எழும்பும், நின்று ஒலிக்கும், கலங்காது. மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறதே.

கம்மனஹள்ளி, புதன் மாலை 4.34

அதான்! அதேதான்க்கா. பசங்க போன்ல அதைத்தான் சொல்றாங்க, "கணீர்னு வரணும்ணா"ன்னு. எனக்குத்தான் எழுதத் தோணலை.

மாதுங்கா, புதன் மாலை 5.15

கணீர் இரட்டிக்காத ஒலிக்குறிப்பு. நல்ல சொல். அதைக் கலைச்சொல் ஆக்க முடியாது, பெயரெச்சம் எடுக்காது. 'கணீரிய' என்பீர்களா?

சிவாஜிநகர், புதன் மாலை 5.22

'கணீரென்ற' என்போம் ஐயா, இத்தனை நாள் சொன்ன மாதிரியே.

அல்சூர், வியாழன் மாலை 4.15

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். கணீரென்ற ஒலி, கிளீன் டோனுக்குத் தெளிவொலி, ஒற்றைச் சுருள், முரலடக்கி. பிக்கப் அப்படியே இருக்கிறது. ஐந்து பேரில் மூன்று பேர் சரி என்றீர்கள், ஒருவர் சோர்ந்துவிட்டேன் என்றார். அதையும் சரியென்றே எடுத்துக்கொண்டேன்.

மாதுங்கா, வியாழன் மாலை 4.50

வன்மையாகக் கண்டிக்கிறேன். சோர்வு எப்படி வாக்காகும்? தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. பகரமெய்யை அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடிக் கிடந்து 2009-இல் திறந்தது. ஒரு சொல்லுக்கு இன்னும் ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?

கம்மனஹள்ளி, வியாழன் மாலை 5.10

ஐயா, நான் ஆரம்பத்துலேர்ந்தே பிக்கப்புன்னுதானே எழுதறேன். கடைசியில ஒரு 'பு' இருக்கே.

மாதுங்கா, வியாழன் மாலை 5.40

கவனித்தேன். பிக்கப்பு என்றால் வன்தொடர்க் குற்றியலுகரம். இலக்கணத்துக்கு ஊறில்லை, மொழிக்குத்தான். அதையாவது போடுங்கள். என் மாறுபாட்டைக் குழுவின் சொற்பட்டியலில் பதிந்து வையுங்கள்: நரம்பேற்பி.

அல்சூர், வெள்ளி காலை 8.20

அச்சகத்திலிருந்து மெய்ப்புப் படி வந்திருக்கிறது. 'பிக்கப்பு' என்று எல்லா இடத்திலும் மாற்றிவிட்டார்கள். முரலடக்கியை மட்டும் ஏழு இடத்தில் 'முரளடக்கி' ஆக்கியிருக்கிறார்கள்.

ராமமூர்த்திநகர், வெள்ளி காலை 8.31

முரளி என்று யாராவது கிட்டார் வாங்காதவரை பரவாயில்லை.

மாதுங்கா, வெள்ளி காலை 8.33

பரவாயில்லையா? லகரமும் ளகரமும் ஒன்றா? அச்சகத்துத் தொலைபேசி எண்ணை எனக்கு அனுப்புங்கள், அம்மா.

கம்மனஹள்ளி, வெள்ளி காலை 9.10

ஐயா பேசிக்கிட்டிருக்கும்போதே ஒண்ணு கேட்டுடறேன். பிக்கப்பு மேல ஆறு குமிழ் மாதிரி தெரியுமே, போல் பீஸ், அதுக்கு என்ன போடலாம்?