புதுப்பிப்பு: தங்கை லாம்ப் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்துவிட்டாள்

பாம்பனில் இருக்கும் பட்டதாரித் தங்கை லாம்ப் ஃபெலோஷிப்புக்கு முயலலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விண்ணப்பித்துவிட்டாள். 2010இலிருந்து பிஆர்எஸ் என்ற நாடாளுமன்ற ஆய்வு அமைப்பு நடத்தும் பயிற்சி இது. 25 வயதுக்குட்பட்டவர்கள் மழைக்காலக் கூட்டத்தொடர் முதல் பட்ஜெட் கூட்டத்தொடர் வரை ஒரு எம்.பி.யிடம் உதவியாளராக இருப்பார்கள். அவையில் எம்.பி. கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரிப்பது அதில் முக்கிய வேலை.

சரி, கேள்வி எழுதிப் பழகட்டும் என்று உட்கார்ந்தோம். மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வாசலில் அப்பா வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். "இலங்கையில நிக்கிற சித்தப்பா படகு எப்பம்மா வரும்?" என்றார். அதையே எழுதினாள்: இலங்கை வசமுள்ள தமிழகப் படகுகள் எத்தனை, மீட்க எடுத்த நடவடிக்கை என்ன? வெளியுறவு அமைச்சருக்கான கேள்வி. கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும் அப்பாவுக்கு விளக்கினாள். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முடிவு வந்ததும் எழுதுகிறேன்.