காலியான தொகுதிக்கு இடைத்தேர்தல்தான் வழியா?

வைகறை:
உறுப்பினர் இறந்தாலோ பதவி விலகினாலோ உடனே இடைத்தேர்தல் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். வேறு வழியே இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்மனியில் நாடாளுமன்ற இடம் காலியானால் அந்தக் கட்சியின் மாநிலப் பட்டியலில் அடுத்து இருப்பவர் வந்து உட்காருகிறார், அவ்வளவுதான். இலங்கையிலும் 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாச்சார முறையில், அதே பட்டியலில் விருப்பு வாக்கு (பட்டியலுக்குள் தனி வேட்பாளருக்குப் போடும் வாக்கு) அடுத்தபடியாக அதிகம் பெற்றவர் அந்த இடத்துக்கு வருகிறார்.

இடைத்தேர்தலில் நடப்பது என்ன? ஒரே ஒரு தொகுதி. ஆட்சி மாறப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அமைச்சர்கள் மொத்தமாக அங்கே போய் முகாம் போடுகிறார்கள். ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போட்டால் மிச்சமிருக்கும் காலத்துக்காவது ஏதாவது நடக்கும் என்று வாக்காளரும் கணக்குப் போடுகிறார். இதில் வரும் முடிவை மக்கள் தீர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடைத்தேர்தலை நிறுத்திவிடலாம் என்பதே என் கருத்து.

தராசு:
வைகறை, நீங்கள் சொன்ன இரண்டு நாடுகளிலும் இடங்களைப் பங்கிடுவது கட்சிக்கு விழும் வாக்கை வைத்து. அங்கே பட்டியலில் அடுத்தவர் வருவது நியாயம். ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்ற முறையில் அதை எப்படிப் பொருத்துவீர்கள்? நான் வாக்களித்தது ஒரு வேட்பாளருக்கு. அவர் இல்லாமல் போனதும் கட்சித் தலைமை வேறொருவரை அனுப்பிவைத்தால், என் தொகுதி கட்சியின் சொத்து ஆகிவிடுகிறது.

தேர்தல் இல்லாமல் இடத்தை நிரப்பும் அதிகாரம் யார் கையில் போகும் என்பதையும் யோசியுங்கள். ஆஸ்திரேலியாவில் 1975 ஜூனில் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த லேபர் கட்சி செனட்டர் (மேலவை உறுப்பினர்) பெர்ட்டி மில்லினர் இறந்தார். இறந்தவரின் கட்சி சொல்லும் ஆளையே மாநில நாடாளுமன்றம் அனுப்புவது அதுவரை இருந்த மரபு. மாநில முதல்வர் ஜோ பியெல்கி பீட்டர்சன் மரபைத் தூக்கிப் போட்டார். லேபர் கட்சி சொன்ன பெயரை ஒதுக்கிவிட்டு, அந்தக் கட்சியின் பிரதமர் விட்லமை வெளிப்படையாக எதிர்த்த ஆல்பர்ட் ஃபீல்டை அனுப்பினார். செனட்டில் லேபர் கட்சிக்கு ஒரு வாக்குக் குறைந்தது. அடுத்த சில வாரங்களில் எதிர்க்கட்சி செனட்டில் நிதி மசோதாக்களை முடக்கியது. நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் விட்லமைப் பதவிநீக்கம் செய்தார். அந்த நெருக்கடிக்குப் பல காரணங்கள் இருந்தன. நிரப்பப்பட்ட அந்த ஓர் இடமும் அதில் ஒன்று.

வைகறை:
பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு 1977 இல் பொது வாக்கெடுப்பு நடத்தி ஆஸ்திரேலியா அரசியலமைப்பையே திருத்தியது. செனட் இடம் காலியானால் அதே கட்சியைச் சேர்ந்தவர்தான் வரவேண்டும் என்று எழுதி வைத்தார்கள். இடைத்தேர்தலுக்கு அவர்கள் போகவில்லையே!

தராசு:
செனட் விகிதாச்சார முறையில் தேர்வாவது. அதனால் அங்கே அது சரி. அதே ஆஸ்திரேலியாவில் கீழவையில், அதாவது ஒரு தொகுதிக்கு ஒருவர் என்று இருக்கும் இடத்தில், இன்றைக்கும் இடைத்தேர்தல்தான். நான் சொல்வதும் இதுதான்: எந்த வகை வாக்கில் ஒருவர் வந்தாரோ, அடுத்தவரும் அதே வகை வாக்கில்தான் வரவேண்டும்.

பனித்துளி:
இரண்டு பேருமே தேதியைப் பற்றிப் பேசவில்லை. இடைத்தேர்தல் உண்டு என்று சட்டம் சொன்னால் மட்டும் போதாது. எப்போது என்பதை யார் முடிவு செய்கிறார் என்று பாருங்கள்.

அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை இடம் காலியானால் தேர்தல்தான், நியமனம் கிடையாது. ஆனால் பொதுவாக எத்தனை நாளுக்குள் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பில் இல்லை. புளோரிடாவின் 20 ஆவது தொகுதி உறுப்பினர் ஆல்சி ஹேஸ்டிங்ஸ் 2021 ஏப்ரலில் இறந்தார். அவர் ஜனநாயகக் கட்சி, தேதி குறிக்க வேண்டிய ஆளுநர் குடியரசுக் கட்சி. தேர்தல் நடந்தது 2022 ஜனவரியில். ஒன்பது மாதம் அந்தத் தொகுதி மக்களுக்கு சபையில் வாக்கு இல்லை.

இந்தியாவில் கெடு இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு ஆறு மாதம் என்கிறது. மிச்சக் காலம் ஒரு வருடத்துக்குள் இருந்தால் விலக்கு. தேர்தல் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் விலக்கு. புனே மக்களவை உறுப்பினர் கிரிஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று இறந்தார். மக்களவையின் காலம் 2024 ஜூன் வரை இருந்தது, ஆக ஒரு வருட விலக்கு பொருந்தாது. ஆனாலும் பொதுத்தேர்தல் வேலை இருக்கிறது என்பதைக் காரணமாகக் காட்டி ஆணையம் நடத்தவில்லை. டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் உடனே நடத்தச் சொன்னது. ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. கடைசியில் 2024 பொதுத்தேர்தலில்தான் புனேவுக்கு ஓர் உறுப்பினர் கிடைத்தார்.

தராசு, உங்கள் கொள்கை சரியாகவே இருக்கட்டும். ஒரு வருடத்துக்கு மேல் பிரதிநிதியே இல்லாமல் இருந்த தொகுதிக்கு அதனால் என்ன பயன்?

வைகறை:
இதைத்தான் நானும் சொல்கிறேன், பனித்துளி. பட்டியல் முறையில் இந்த இழுபறிக்கே இடமில்லை. யாரும் தேதி குறிக்க வேண்டியதில்லை.

பனித்துளி:
நான் உங்கள் பக்கம் வரவில்லை. விதியை யார் எப்போது மாற்றுகிறார் என்பதுதான் என் கவலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைப் பாருங்கள். 2004 இல் அந்த மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்கு, அதாவது மேலவைக்குத் தேர்வாகியிருந்த ஜான் கெர்ரி அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். அவர் ஜெயித்தால் காலியாகும் இடத்தை நிரப்பும் அதிகாரம் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னியிடம் இருந்தது. சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை. ஆளுநரின் நியமன அதிகாரத்தை எடுத்துவிட்டு, தேர்தல்தான் என்று மாற்றினார்கள். 2009 இல் அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டர் டெட் கென்னடி இறந்தபோது ஆளுநரும் ஜனநாயகக் கட்சி ஆகியிருந்தார். உடனே இடைக்கால நியமனத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்! அந்த இடத்துக்கு 2010 ஜனவரியில் தேர்தல் நடந்து குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் ஜெயித்தார். மாநிலத்தின் எண்ணம் எப்படி மாறியிருந்தது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஆகவே தேர்தல் வேண்டும். ஆனால் இடம் காலியான பிறகு, ஆதாயம் உள்ள யாரும் விதியையோ தேதியையோ தொட முடியாதபடி இருக்க வேண்டும்.

குறுக்குக்கேள்வி:
எல்லாக் காலியிடத்தையும் ஒரே மாதிரி பார்ப்பது ஏன்? உறுப்பினர் இறந்துபோவது வேறு, அவரே எழுந்து போவது வேறு. பிரான்சில் தேசிய சபைக்குப் போட்டியிடும் ஒவ்வொருவரும் தன்னோடு ஒரு மாற்று உறுப்பினரையும் நிறுத்த வேண்டும். அவருடைய பெயரும் வாக்குச்சீட்டிலேயே இருக்கும். உறுப்பினர் இறந்தால் மாற்று உறுப்பினர் வந்துவிடுவார். சாதாரணமாகப் பதவி விலகினால் இடைத்தேர்தல். சபையின் காலத்தில் கடைசி 12 மாதத்துக்குள் என்றால் அதுவும் இல்லை.

தராசு:
நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது பெயரைப் பார்த்து எத்தனை பேர் வாக்களிப்பார்கள்? வேட்பாளர் தன் குடும்பத்தில் ஒருவரையோ, தனக்கு எதிராக வளர மாட்டார் என்று நம்பும் ஒருவரையோ நிறுத்திவிட்டுப் போவார். தேர்தல் களத்தில் அந்த இரண்டாவது ஆளை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. இடைத்தேர்தலில் புதியவர் தன் முகத்தோடு வந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

வைகறை:
அப்படியானால் குறுக்குக்கேள்வி பிரித்துக் காட்டிய இரண்டாவது வகைக்கே வருகிறேன். தானாக எழுந்து போகிறவர்களுக்காக மக்கள் ஏன் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்? இந்தியாவில் ஒருவர் இரண்டு தொகுதியில் நிற்கலாம். இரண்டிலும் ஜெயித்தால் ஒன்றை விட வேண்டும், அங்கே இடைத்தேர்தல். 2024 இல் ராகுல் காந்தி ரேபரேலியை வைத்துக்கொண்டு வயநாட்டை விட்டார். நவம்பரில் அந்த மக்கள் மறுபடியும் வாக்களித்தார்கள்.

இதைவிட மோசமானது கர்நாடகம். 2019 இல் 17 சட்டமன்ற உறுப்பினர்கள் ஆளும் கூட்டணியை விட்டு வெளியேற, அரசு கவிழ்ந்தது. சபாநாயகர் அவர்களைத் தகுதிநீக்கம் செய்து, அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை போட்டியிடவும் தடை போட்டார். உச்ச நீதிமன்றம் தகுதிநீக்கம் சரி என்றது, தடையை மட்டும் நீக்கியது. டிசம்பரில் 15 தொகுதிகளில் இடைத்தேர்தல். வெளியேறியவர்களில் பெரும்பாலோர் பாஜக சின்னத்தில் நின்றார்கள், அந்தக் கட்சி 12 இல் ஜெயித்தது. கட்சி தாவியதைக் கழுவித் துடைக்கும் கருவியாக இடைத்தேர்தல் ஆகிவிட்டது.

தராசு:
கட்சி மாறிவிட்டு, மக்களிடம் போகாமலே பதவியில் ஒட்டிக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்பேன். பிரிட்டனில் 2014 இல் டக்ளஸ் கார்ஸ்வெல், மார்க் ரெக்லெஸ் இருவரும் கன்சர்வேடிவ் கட்சியை விட்டு யுகேஐபி கட்சிக்குப் போனார்கள். கட்சி மாறினால் பதவி விலக வேண்டும் என்று அங்கே சட்டம் இல்லை. இருந்தும் விலகி, அதே தொகுதிகளில் புதுக் கட்சியின் பெயரில் நின்று ஜெயித்தார்கள். அதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. வாக்காளருக்கு எல்லாம் தெரிந்தேதான் அந்த முடிவு வந்தது.

வைகறை:
அங்கே அரசு கவிழவில்லையே. கவிழ்த்துவிட்டு, புதிய ஆளுங்கட்சியின் வேட்பாளராகத் திரும்பி வருவதும் அதுவும் ஒன்றா?

தராசு:
இல்லை. ஆட்சியைக் கவிழ்த்துத் தகுதிநீக்கம் ஆனவருக்கு, மிச்சக் காலம் முழுவதும் போட்டியிடத் தடை என்று நாடாளுமன்றமே சட்டம் போடலாம். சபாநாயகர் தன் விருப்பத்துக்குப் போட்டதால்தான் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. இரண்டு தொகுதி ஜெயிப்பவருக்கும் அதேபோல: காலி செய்யும் இடத்தின் தேர்தல் செலவை அவரே கட்டட்டும். இதற்கெல்லாம் நான் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் எழுந்து போனவரைத் தண்டிக்கிறேன் என்று வாக்காளரின் கையிலிருந்து வாக்குச்சீட்டைப் பிடுங்காதீர்கள்.

பனித்துளி:
அப்படியே 151ஏ பிரிவில் இருக்கும் ‘கடினம்’ என்ற விலக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம், கலவரம் என்று காரணத்தைப் பெயர் சொல்லி எழுதட்டும், அதற்கும் ஒரு காலவரம்பு வைக்கட்டும். பொதுத்தேர்தல் வேலை இருக்கிறது என்பது காரணமாகவே இருக்கக் கூடாது.

வைகறை:
அந்தத் திருத்தத்தை ஏற்கிறேன், அது எந்த முறைக்கும் தேவை. இறப்பினால் காலியாகும் இடத்துக்கு மட்டும் பிரான்சின் மாற்று உறுப்பினர் முறை என்பதில் இன்னும் நிற்கிறேன். தராசு, குடும்பத்தினரை நிறுத்துவார்கள் என்கிறீர்கள். இடைத்தேர்தலிலும் இறந்தவரின் மனைவியையோ மகனையோதானே கட்சிகள் அடிக்கடி நிறுத்துகின்றன?

தராசு:
நிறுத்துகின்றன. அவர்களைத் தோற்கடிக்கும் வாய்ப்பு இடைத்தேர்தலில்தான் இருக்கிறது.