நிறம் மாறாத உப்பு: தைராய்டும் நம் அடுக்களையும்

மன்னார்குடி மங்கை

இளஞ்சிவப்பு நிறப் பாறை உப்பான இந்துப்பை, உடம்புக்கு நல்லது என்று நம்பி எங்கள் வீட்டில் வாங்கிவந்தோம்; அதைச் சோதித்துப் பார்த்த நாளுக்கு நேராக வருகிறேன். இரண்டாவது பிள்ளையைச் சுமந்து ஐந்து மாதம் நிறைந்திருந்தபோது, எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வந்த கிராம சுகாதார செவிலியர், கர்ப்பிணிகள் ஒவ்வொருவரும் வீட்டில் சமைக்கும் உப்பைச் சிறிது பொட்டலம் கட்டி எடுத்துவர வேண்டும், தைராய்டு சுரப்பிக்குத் தேவையான அயோடின் அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று முன்னதாகவே சொல்லியனுப்பியிருந்தார். ஒரு தட்டில் வரிசையாகச் சிறு சிறு குவியல்களாக வைத்து, கரண்டியின் முதுகால் தட்டையாக்கி, ஒவ்வொன்றின்மீதும் சிறு குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் நியாயவிலைக் கடை உப்பு கண்ணெதிரே ஊதாவாக மாறியது; அயோடின் இருந்தால்தான் அப்படி மாறும். அதைப்போல் பல மடங்கு விலை கொடுத்து நான் வாங்கியிருந்த உப்பு நனைந்ததே தவிர நிறம் மாறவில்லை. அவர் எதுவும் பேசாமல் இரண்டாவது குப்பியை எடுத்து ஒரு சொட்டு விட்டு, அதன்மேல் முதல் குப்பியிலிருந்து மீண்டும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் நிகழவில்லை.

அதே வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் சுரப்பு; தைராய்டு மந்தமானால் இது கூடும்) 7.2 என்று வந்தது. உப்புதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றே மருத்துவர் சொன்னார். மாத்திரை எழுதிக்கொடுத்து உப்பையும் மாற்றச் சொன்னார். பிள்ளை நலமாகப் பிறந்தான். ஆனாலும் ஒன்று என்னை விடவில்லை. கருவின் தைராய்டு ஏறத்தாழ 12 வாரம் வரை வேலையைத் தொடங்குவதில்லை என்றும், அதுவரை தாயின் சுரப்பையே அது நம்பியிருக்கிறது என்றும் பின்னர்தான் அறிந்தேன். அந்தப் பன்னிரண்டு வாரமும் எங்கள் வீட்டில் இளஞ்சிவப்பு உப்புதான்.

உப்பளத்து மகன், தூத்துக்குடி

சகோதரி, உங்கள் இந்துப்பை மட்டும் குறை சொல்ல வேண்டாம். எங்கள் பாத்தியில் வாரும் உப்பிலும் அயோடின் இல்லை. கடலிலிருந்து வருவதால் அதில் இயல்பாகவே அயோடின் இருக்கும் என்று படித்தவர்கள்கூட என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். கடல்நீரில் அது மிகச் சிறிதளவே உண்டு. அந்தச் சிறிதளவும் உப்பு மணியாகப் படியும்போது அதனுடன் பெரும்பாலும் தங்காமல், கடைசியில் வடித்துவிடும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. ஆகவேதான் பொட்டாசியம் அயோடேட்டை நீரில் கரைத்து உப்பின்மேல் தெளிக்கிறார்கள். தயாரிக்கும் இடத்தில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின், வீட்டுக்கு வந்து சேரும்போது குறைந்தது 15 மில்லிகிராம் என்பது கணக்கு.

என்னை உறுத்தும் சம்பவம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் மொத்த வியாபாரி ஒருவர், உணவுக்கு அல்ல என்று அச்சிட்ட சாக்குகளை என் கண் முன்னாலேயே புரட்டி, எழுத்து உள்பக்கம் போகுமாறு தைக்கச் சொன்னார். அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பது 2006 மே 17 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்தச் சாக்குகள் மளிகைக் கடைகளுக்குத்தான் போயின. நான் வாய் திறக்கவில்லை. 2018–19ல் நடந்த தேசிய அளவிலான ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் தமிழ்நாடு கடைசியில் நின்ற செய்தியைப் படித்தபோது அந்தச் சாக்குகள்தான் நினைவுக்கு வந்தன. நாட்டுக்கே உப்பு அனுப்பும் ஊர்க்காரனுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல் உப்பைக் கழுவிப் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தெளித்த அயோடின் மணியின் மேற்பரப்பில்தான் இருக்கும். அலசும் நீரோடு அதுவும் போய்விடும்.

செல்வி, சிங்கப்பூர்

மேலே இருவரும் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் அயோடின் மாத்திரை வாங்க ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். எனக்கு ஹாஷிமோட்டோ (உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய்) என்று தெரிந்தபோது டிஎஸ்எச் 6 அளவில்தான் இருந்தது. தைராய்டு என்றால் அயோடின் குறைவு என்ற பள்ளிப் பாடத்தை நம்பி, கெல்ப் என்னும் கடற்பாசி மாத்திரையை நானாகவே வாங்கி நாளுக்கு இரண்டு வீதம் நான்கு மாதங்கள் விழுங்கினேன். அடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் 31. மருத்துவர் புட்டியைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதன் பொடி எழுத்தைப் படித்தார். ஒரு மாத்திரைக்கு 500 மைக்ரோகிராம் அயோடின். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைய தேவை 150, கர்ப்பிணிக்கு 250. "உங்கள் உடலே உங்கள் தைராய்டைத் தாக்குகிறது; அதன்மேல் நீங்களும் சுமையை ஏற்றியிருக்கிறீர்கள்" என்றார். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதங்களில் அளவு பெரிதும் இறங்கியது. புட்டியை மட்டும் இன்னும் எறியவில்லை.

பெரம்பூர் பாட்டி

என் நாத்தனார் ஏழு ஆண்டுகள் தைராய்டு மாத்திரையைக் காலைக் காப்பியோடு சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை அளவைக் கூட்டினாலும் டிஎஸ்எச் இறங்காத காரணம் அதுதான் என்று தெரிந்த நாளில் அவள் தம்ளரைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, காப்பிக்கோ பலகாரத்துக்கோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் இவற்றை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு ஒரே வேளையில் விழுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். உப்பை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த மரவையில் வைக்காதீர்கள். ஈரம் பட்டாலும் சூடு பட்டாலும் அயோடின் குறைந்துகொண்டே போகும். மூடியுள்ள ஜாடியில் வைத்து, கூடுமானவரை குழம்பை இறக்கும் நேரத்தில் உப்பைச் சேருங்கள். முட்டைக்கோசுக்கும் மரவள்ளிக்கும் பயந்து ஒதுக்குகிறவர்கள், வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். உடலில் அயோடின் குறைவாக இருக்கும்போதுதான் அவை பெரிதாகத் தொல்லை தரும். பாலிலும் மீனிலும் முட்டையிலும் அயோடின் உண்டு. அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம். இரத்த அழுத்தம் என்று ஒன்று இருக்கிறது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் உள்ள உப்பில் 5 கிராம் சாப்பிட்டாலே 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடும்.

கொங்கு நாட்டான்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். என் அம்மாவின் காலத்தில் தைராய்டு என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை. அயோடின் உப்பு வந்த பிறகுதான் என் வீட்டில் மூன்று பேருக்கு வந்தது. கடையில் அயோடின் கலக்காத உப்புக் கேட்டபோது, ஏதோ கள்ளச் சாராயம் கேட்டவனைப் பார்ப்பதுபோல் கடைக்காரர் என்னைப் பார்த்தார். இதற்கு மேல் நான் எதையும் சொல்வதற்கில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

கொங்கு நாட்டான் அவர்களுக்கு: சொல்லைக் கேட்டதில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, உங்கள் அம்மாவின் காலத்தில் டிஎஸ்எச் பரிசோதனை எத்தனை பேருக்கு எட்டியது? 1980களில் இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் பணியில் இருந்தேன். மலைப்பாதையோரத் தேநீர்க் கடை நடத்திய மூதாட்டி ஒருவர் எந்நேரமும் கழுத்தைச் சால்வையால் மூடியிருப்பார். குளிருக்காக என்று எண்ணியிருந்தேன். ஒரு நாள் அடுப்பை ஊதக் குனிந்தபோது சால்வை நழுவியது. தைராய்டு வீங்கி, ஒரு தேங்காய் அளவுக்குக் கழலை தொங்கியது. அவர் அவசரமின்றிச் சால்வையைச் சரிசெய்துகொண்டு எனக்குத் தேநீரை ஆற்றிக் கொடுத்தார்.

பாலம்பூர் இருக்கும் காங்ரா பள்ளத்தாக்கில்தான் 1956ல் பேராசிரியர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அந்தப் பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் நடுவில் ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்புச் சென்ற பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளிடையே கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாதாரண உப்புச் சென்ற பகுதியில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பின்னர் அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பே அனுப்பப்பட்டது. 1962ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்ததற்கு அடித்தளம் இதுதான். மழையும் பனியும் மண்ணிலிருந்த அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்ட ஊர்களில், விளையும் எதைத் தின்றாலும் அது கிடைக்காது.

செல்வி, சிங்கப்பூர்

ஹவில்தார் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கொங்கு நாட்டான் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. டென்மார்க்கில் 2000ல் உப்பில் அயோடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிய பிறகு, கழலை குறைந்த அதே வேளையில், தைராய்டு சுரப்புக் குறைவு புதிதாகக் கண்டறியப்படுவது சற்றுக் கூடியதை அந்நாட்டு ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அதற்காக உப்பை அவர்கள் நிறுத்தவில்லை, அளவைக் கண்காணித்தார்கள். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்னும்போது இடையில் இருக்கும் அளவைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். வீட்டில் மூவருக்கு வந்திருந்தால் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்ற பரிசோதனையையும் எடுத்துப்பாருங்கள், அண்ணா. ஹாஷிமோட்டோ குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு.

புது அப்பா

உப்பில்லாத அனுபவம் ஒன்று. எங்கள் மகளுக்குப் பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் டிஎஸ்எச் அதிகமாக இருந்தது. மீண்டும் கூப்பிட்டபோது மருத்துவர் முதலில் கேட்டது, தொப்புளுக்கு என்ன தடவினீர்கள் என்பதுதான். புண்ணுக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்தை என் மாமியார் வேளைக்கு ஒரு முறை தடவியிருந்தார். பிஞ்சுத் தோல் அதை உறிஞ்சிக்கொள்ளுமாம். நிறுத்திய இரண்டு வாரத்தில் அளவு சரியாகிவிட்டது. அந்தப் பதினான்கு நாளும் மாமியார் குழந்தையைத் தூக்கவே தயங்கினார்.

மன்னார்குடி மங்கை

தூத்துக்குடி அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. இந்துப்பை நிறுத்தியபின் அயோடின் சேர்த்த கல் உப்பைத்தான் வாங்குகிறோம். ஆனால் தூசி இருக்கும் என்று என் அத்தை அதை இரண்டு முறை அலசி வெயிலில் காயவைத்தே ஜாடியில் போடுவார். சொன்னால் வருந்துவார் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நேற்று அங்கன்வாடிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது, பையிலிருந்து பிரித்தது ஒன்று, ஜாடியிலிருந்து எடுத்தது ஒன்று என இரண்டு பொட்டலங்களை எடுத்துச் சென்றேன். அத்தையும் உடன் வந்தார். முதலாவது நல்ல ஊதாவாகியது. இரண்டாவதில் ஓரத்தில் மட்டும் நீலம் படர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சாயல். அத்தை தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "நான் நல்லதுக்குத்தானே கழுவினேன்" என்று செவிலியரிடம் சொன்னார்.